தேனும் தேறலும்

திருமுருகாற்றுப்படையிலும் மலைபடுகடாத்திலும் குறிஞ்சி நிலத்து மக்கள் பருகிய ஒரு பானம் பேசப்படுகிறது. தேனை மூங்கிற் குழாயில் நிரப்பி, நாட்பட விளையவிட்டு எடுத்த மது அது. அதற்குத் ‘தேறல்’ என்று பெயர். வண்டல் கீழே தங்க, மேலே தேறி நிற்பது, அதாவது தெளிந்து நிற்பது, தேறல். கல்லூரி நாட்களில் இச்சொல்லை உரையாசிரியர் துணையோடு கடந்து சென்றவள் நான். என்றேனும் ஒருநாள் என் கையாலேயே அதனைச் செய்வேன் என்று எண்ணியதில்லை. அதுவும் தமிழகத்து மலையொன்றில் அன்று. எத்தியோப்பிய நாட்டின் வடகோடியில், திக்ரே மாநிலத்தில், கடல்மட்டத்துக்கு 2,400 மீட்டருக்கும் மேலே அமைந்த அடிக்ராட் என்னும் ஊரில்.

குடும்பங்கள் கூடியமர்ந்து படிக்கும் இதழில் மது காய்ச்சிய கதையை எழுதலாமா என்று சில காலம் தயங்கினேன். குடியால் நொந்த வீடுகள் நம் பங்குகளில் எத்தனை என்பதை வாசக அன்பர்களுக்கு நான் எண்ணிச் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட வீடொன்றில் பிறந்து வளர்ந்தவள் நான். அதனாலேயே எழுதலாம் என்று துணிந்தேன்.

என் ஊர் மார்த்தாண்டத்துக்கு அருகில். எங்கள் பகுதியில் தேனீ வளர்ப்பு எவ்வளவு பெயர் பெற்றது என்பதைக் குமரி மாவட்டத்தார் அறிவர். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூட்டன் என்ற குருவானவர் நம் நாட்டுத் தேனீயின் உருவுக்கும் இயல்புக்கும் ஏற்பச் சிறிய மரப்பெட்டி ஒன்றை அமைத்துக் கொடுத்தார். இன்றும் அதனை ‘நியூட்டன் பெட்டி’ என்றே சொல்கிறோம். 1920களில் மார்த்தாண்டத்து ஒய்.எம்.சி.ஏ. கிராம மையத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் இத்தொழிலை உழவர்களிடையே பரப்பினார். என் தந்தையார் 160 பெட்டிகள் வைத்திருந்தார். தை, மாசி, பங்குனி மாதங்களில் ரப்பர் மரம் இளந்தளிர் விடும்போது அதன் இலைக்காம்பில் தேன்நீர் சுரக்கும். பூவில்லாமலே தேன் தரும் மரம் அது. அம்மாதங்களில் எங்கள் வீட்டு முற்றம், திண்ணை, கதவின் தாழ்ப்பாள் எல்லாம் ஒட்டும். தேன் எடுக்கும் பொறியை என் அன்னையார் சுழற்ற, நாங்கள் ஏனங்களை ஏந்தி நிற்போம்.

1991, 1992ஆம் ஆண்டுகளில் தாய்லாந்து சாக்புரூட் என்னும் நச்சுயிரி நோய் தென்னாட்டுத் தேனீக்களைத் தாக்கிற்று. அறையில் கிடக்கும் புழுக்கள் நீர் கோத்த பைகளைப்போல் வீங்கி மடியும். மருந்தொன்றும் இல்லை. அந்த 160 பெட்டிகளில் உயிரோடு எஞ்சியவை நான்கு. என் தந்தையார் ஒவ்வொரு நாள் காலையிலும் வெறும் பெட்டிகளின் மூடியைத் திறந்து பார்த்து மூடுவார். மாலையில் கடைக்குப் போகத் தொடங்கினார். பின்னர்க் காலையிலும் போனார். 1998இல் அவர் மறைந்தபோது என் அன்னையார் எங்கள் மூவரையும் அழைத்து, “இனி இந்த வீட்டில் யாரும் அதைத் தொடக் கூடாது” என்றார். தொடமாட்டோம் என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னோம். அன்றிலிருந்து அவர் தேனைப் பற்றியும் பேசியதில்லை. தேன் புட்டி ஒன்றுகூட வீட்டில் நிற்கக் கண்டதில்லை.

அடிக்ராட்டில் 2013 முதல் 2016 வரை நான் ஆசிரியப் பணி செய்தேன். எத்தியோப்பியப் பள்ளிகளில் இந்திய ஆசிரியர்கள் பணியாற்றுவது பேரரசர் ஹைலே செலாசி காலத்திலேயே தொடங்கிவிட்ட வழக்கம். அண்மைக்காலத்தில் அந்நாடு புதிய பல்கலைக்கழகங்கள் பலவற்றைத் திறந்தபோது நம்மவர் மீண்டும் அங்குச் சென்றனர். அடிக்ராட் ஒரு கத்தோலிக்க மறைமாவட்டத்தின் தலைநகர். அங்குள்ள கத்தோலிக்கர் கீயஸ் என்னும் தொன்மொழியில் தங்களுக்கே உரிய வழிபாட்டு முறையில் திருப்பலி ஒப்புக்கொடுப்பவர்கள். 1975இல் புனிதர் பட்டம் பெற்ற யுஸ்தீன் தெ யாக்கோபிஸ் ஆயர் பணிபுரிந்த மண் அது. எனினும் சுற்றிலும் பெரும்பாலோர் பழைய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையினர். சிறுபான்மையாக முஸ்லிம்களும் உளர். என் வாடகை வீட்டின் மறுபுறத்தில் ஒரு விதவைத் தாயும் அவருடைய இரு புதல்வியரும் வாழ்ந்தனர். அவரை எல்லாரும் ‘அதெய்’ என்றே அழைத்தனர். திக்ரின்யா மொழியில் அதற்கு ‘என் அம்மா’ என்பது பொருள். நானும் அவ்வாறே அழைத்தேன்.

2014 நவம்பரில் அதெயின் தம்பி மலைச்சரிவிலிருந்து தேன் கொண்டுவந்தார். திக்ரேயின் வெண்தேனை முதன்முதல் அன்றுதான் கண்டேன். நம் துளசியின் இனத்தைச் சேர்ந்த ஒரு குறுஞ்செடி, மழை ஓய்ந்தபின் அம்மலைகளில் வெள்ளை வெள்ளையாய்ப் பூக்கிறது. அதிலிருந்து வரும் தேன் குளிரில் உறைந்து, பனிக்காலத்து நெய்யைப்போல் வெண்மையாக, மணல் மணலாக நிற்கும். ஆயினும் அவர் தனியே ஒரு பாத்திரத்தில் கொணர்ந்தது வேறு. மண்ணும் சாணமும் பூசிய பழைய உருளைக் கூடுகளிலிருந்து அப்படியே அறுத்தெடுத்த பச்சைத் தேன். மெழுகும் மகரந்தமும் இறந்த தேனீயின் இறகும் அதில் கலந்திருந்தன. நம் ஊரில் அதனை விலைக்கு வாங்க ஆள் கிடையாது. அதெயோ அதைத்தான் ஆவலோடு பெற்றுக்கொண்டார். மூத்த மகளுக்கு ஜனவரி 25ஆம் நாள் திருமணம். திருமணத்துக்கு மேஸ் வேண்டும்.

அம்ஹாரிய மொழியில் ‘தெஜ்’ என்று உலகறிந்த தேன்மதுவைத் திக்ரே மக்கள் ‘மேஸ்’ என்பர். ஒரு காலத்தில் அது அரசரும் பிரபுக்களும் பருகுவதற்கு உரியதாயிருந்தது. எளியவருக்குத் தானியத்தில் வடித்த கள் போன்ற பானமே. 1520இல் போர்த்துக்கீசியத் தூதுக்குழுவுடன் அந்நாட்டுக்குச் சென்று ஆறு ஆண்டுகள் தங்கிய பிரான்சிஸ்கோ ஆல்வாரெஸ் என்னும் குருவானவர், அரசவையிலும் பெரியோர் இல்லங்களிலும் இத்தேன்மது வழங்கியதைத் தம் நூலில் பலவிடத்தும் எழுதியிருக்கிறார். இன்று கடைத்தெருவில் இதற்கென்றே விடுதிகள் உண்டு. அங்கு விற்பதில் பெரும்பாலும் சர்க்கரை கலந்திருக்கும் என்று அதெய் முகம் சுளிப்பார். வீட்டில் செய்வது பெண்களின் வேலை. தாயிடமிருந்து மகள் கற்கிறாள். மணப்பெண் தன் திருமணத்துக்குத் தானே மேஸ் ஊற்றக் கூடாதாம். இளையவளுக்குத் தேர்வுக் காலம். ஆகவே அதெய் என்னைத் துணைக்கு அழைத்தார்.

நான் உடனே விடை கூறவில்லை. மறுநாள் இளைய மகளை மொழிபெயர்ப்புக்கு இருத்திக்கொண்டு, என் தந்தையாரைப் பற்றியும் அன்னைக்கு நாங்கள் கொடுத்த வாக்கைப் பற்றியும் சொன்னேன். அதெய் இடையிடையே நாவினால் ஒலியெழுப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், அந்தப் பெட்டிகள் எத்தனை என்று மீண்டும் கேட்டார். 160 என்றேன். “அத்தனையும் செத்தனவா?” என்றார். பின்பு வெகு இயல்பாக, “உன் வாக்கு உன்னிடம் இருக்கட்டும் மகளே. மேஸ் செய்வதற்கு வாய் வேண்டாம். காதும் மூக்கும் போதும்” என்றார். அதன்மேல் மறுக்க எனக்கு வழி தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், மறுக்கும் விருப்பமும் இல்லை. இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் தேன் மணக்கும் வீட்டில் நின்றிருந்தேன்.

டிசம்பர் 28ஆம் நாள் தொடங்கினோம். முதல் வேலை தாழியைப் புகையூட்டுவது. இடுப்பளவு உயரமுள்ள கரிய மண்தாழி அது. கசப்பிலைகளால் உள்ளே தேய்த்துக் கழுவி, காட்டு ஒலிவ மரத்துச் சுள்ளிகளை மூட்டி, கனன்று புகையும்போது அதன்மேல் தாழியைக் கவிழ்த்தார். சற்று நேரம் சென்றபின் அதன் வாய்க்குள் தலையை நுழைத்து முகரச் சொன்னார். திருவிழா முடிந்த கோயிலின் மணம் வீசிற்று. புகையூட்டுவது மணத்துக்காக மட்டுமன்று. மண்தாழியின் நுண்துளைகளில் பழைய புளிப்பு தங்கியிருந்தால் புதிய தேனும் காடியாய்ப் போகும். வெந்நீரும் சோடாவும் செய்யும் வேலையைப் புகை செய்கிறது.

அடுத்தது கலவை. ஒரு பங்கு தேனுக்கு மூன்று பங்கு நீர். சுமார் 12 கிலோ தேன் இருந்தது. நான் எடைக்கல் தேடினேன்; அவர் ஒரே சுரைக்குடுக்கையால் இரண்டையும் அளந்தார். கலக்கியது கையால். முழங்கைவரை நனைத்து, அடியில் உறைந்த தேனை விரல்களால் பிசைந்து பிசைந்து கரைக்க வேண்டும். டிசம்பர்க் குளிரில் அந்த நீர் எலும்பைத் தொட்டது. இரு கைகளும் மாறி மாறி ஒரு மணி நேரம் கலக்கினேன். 

தேன் தானாகக் கெடுவதில்லை என்பது நாம் அறிந்ததே. அதில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை. நீர் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அவ்வளவு அடர்த்தியில் எந்த நுண்ணுயிரும் எளிதில் பெருக இயலாது. அதன் உடம்பிலுள்ள நீரையே தேன் உறிஞ்சிவிடும். நீர் சேர்த்து அடர்த்தியைக் குறைத்த மறுகணம் நிலைமை மாறுகிறது. தேனிலும் மகரந்தத்திலும் தாழியின் சுவரிலும் உறங்கிக்கிடந்த ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர்கள் விழித்தெழுந்து சர்க்கரையைத் தின்னத் தொடங்குகின்றன. ஒருபுறம் மதுவும் மறுபுறம் கரிவளியும் பிறக்கின்றன. வெளியிலிருந்து ஒரு துளி உறையும் ஊற்றவில்லை. மெழுகும் மகரந்தமும் கலந்த பச்சைத் தேனை அதெய் ஏன் விரும்பினார் என்பதும் எனக்குப் பின்னர்த்தான் விளங்கிற்று. வடிகட்டிய தூய தேனில் ஈஸ்டுக்கு வேண்டிய சத்துக்கள் மிகக் குறைவு. மகரந்தம் அந்தக் குறையை ஓரளவு நிரப்புகிறது.

கலந்து முடித்தவுடன், தாழியை மூடுமுன், அதெய் ஒரு குடம் நிறைய அதிலிருந்து மொண்டு தனியே வைத்தார். அதற்குப் ‘பிர்ஸ்’ என்று பெயர். புளியாத தேன்நீர். குழந்தைகளுக்கும், மது அருந்தாத முஸ்லிம் அண்டை வீட்டாருக்கும், நோன்பு எடுத்தவர்களுக்கும் அதனைத் தருவது வழக்கம். மறுநாள் நண்பகலுக்குள் பருகிவிட வேண்டும். தாமதித்தால் அதுவும் மேஸ் ஆகும் வழியில் இறங்கிவிடும். அன்று மாலை தெருக்கோடியிலிருந்த முஸ்லிம் இல்லத்துக்கு ஒரு செம்பு போயிற்று. எனக்கும் ஒரு குவளை. இருபத்திரண்டு ஆண்டுகளில் நான் சுவைத்த முதல் தேன் அது. இனிப்போடு இலேசான புகை. அதன் அடியில் துளசி போன்றதொரு வாடை. வாக்கும் பிழைக்கவில்லை, மனமும் நிறைந்தது.

மூன்றாம் நாள் காலை துணியை விலக்கியபோது மெழுகும் இறகும் அழுக்கும் ஓர் ஏடாக மேலே மிதந்தன. அதெய் அதனை அகப்பையால் வழித்தெடுத்தார். மெழுகை நீரில் காய்ச்சி உறையவிட்டு ஒரு வில்லையாக்கி, திருமணத்தன்று ஏற்றும் திரிகளுக்கென்று கோயிலுக்கு அனுப்பினார். தேனீயின் உழைப்பு பாஸ்காப் பெருவிழிப்பின் புகழுரையிலும் நினைவுகூரப்படுகிறதல்லவா? அந்த மெழுகு எங்கிருந்து வருகிறது என்று கோயிலில் திரி பிடித்த நாட்களில் நான் எண்ணிப் பார்த்ததேயில்லை.

அன்றே கேஷோவும் சேர்ந்தது. கேஷோ என்பது நம் இலந்தையின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு புதர்ச்செடி. அதன் குச்சிகளையும் இலைகளையும் உலர்த்திச் சந்தையில் கட்டுக்கட்டாக விற்பார்கள். தாழியிலிருந்து சிறிது தேன்நீரை எடுத்து, சீவிய கேஷோக் குச்சிகளை அதிலிட்டுக் கொதிக்கவைத்து, ஆறியபின் மீண்டும் தாழியில் ஊற்ற வேண்டும். வேப்பங்குச்சியை மென்றதுபோல் கசக்கும். பீருக்கு ஹாப் பூ எவ்வாறோ, மேஸுக்குக் கேஷோ அவ்வாறு. அந்தக் கசப்பு இல்லையென்றால் திகட்டலில் யாரும் அரைக்குவளை தாண்டமாட்டார்கள் என்றார் அதெய். ‘தாண்டாமல் இருந்தால் நல்லதுதானே’ என்று என் மனம் சொல்லிற்று, வாய் சொல்லவில்லை.

பின்பு காத்திருத்தல். வெப்பமான ஊர்களில் ஐந்தாறு நாளில் முடிவது, குளிர்ந்த இடங்களில் பதினைந்து இருபது நாளாகும். அடிக்ராட் இரவுகளில் இரண்டு கம்பளி போர்த்தியும் நடுங்குவோம். தாழிக்கும் ஒரு பழைய கம்பளியைச் சுற்றி, அடுப்படி மூலையில் வைத்தோம். வாயை இறுக மூடக் கூடாது. கரிவளி வெளியேற வழியில்லையேல் மூடியைத் தூக்கி எறியும். திறந்தும் விடக் கூடாது. காற்றும் ஈயும் புகுந்தால் காடிதான். மெல்லிய துணியைக் கட்டி, அதன்மேல் ஒரு தட்டைச் சாய்த்து வைப்பார். நாள்தோறும் ஒருமுறை கிளற வேண்டும். அதெய் விடியற்காலையிலேயே கோயிலுக்குப் போய்விடுவார். ஆதலால் அந்த வேலை எனக்கு வாய்த்தது.

காதும் மூக்கும் போதும் என்று அவர் சொன்னதன் பொருள் அந்நாட்களில்தான் புரிந்தது. முதல் நான்கு நாள் தாழியில் காதை வைத்தால் ஒன்றுமில்லை. ஐந்தாம் நாள் தொலைவில் மழை பெய்வதைப்போல் ஒரு சிற்றொலி. எட்டாம் நாள் அது இரைச்சலாயிற்று. மூடியிருந்த தேன்பெட்டியில் காதை வைத்துக் கேட்ட ஒலியேதான்! என் தந்தையார் பெட்டியைத் திறக்காமலே, விரலால் ஒருமுறை தட்டி, காதைச் சாய்த்து, கூட்டத்தின் நலத்தைச் சொல்லிவிடுவார். தட்டியவுடன் ஒருமுறை பொங்கி அடங்கினால் இராணி உண்டு. அடங்காமல் முனகிக்கொண்டே இருந்தால் இராணி இல்லை. அந்த மனிதரை நான் குடிகாரராக மட்டுமே நினைவில் வைத்திருந்தேன். தாழியின் பக்கத்தில் மண்டியிட்டிருந்த அந்த விடியற்காலைகளில், தேனீக்காரராக இருந்த என் தந்தை எனக்குத் திரும்பக் கிடைத்தார். குடிப்பதற்கான பானம் ஒன்றைக் கிளறிக்கொண்டே அவரை மன்னிக்க நேர்ந்தது விந்தைதான். அதற்கு விளக்கம் தேட நான் முயலவில்லை.

மணமும் நாளுக்கு நாள் மாறிற்று. முதலில் தேன், பிறகு பழுத்த வாழை, பிறகு சோற்றுநீர் புளித்தாற்போல். அப்போது கெட்டுவிட்டதோ என்று கவலையுற்றேன். அதெய் வந்து முகர்ந்து, “குழந்தைக்குப் பல் முளைக்கிறது” என்று சொல்லிச் சென்றார். திம்கத் எனப்படும் ஆண்டவரின் திருமுழுக்கு விழா ஜனவரி 19இல் முடிந்தது. அதற்குள் இரைச்சல் ஓய்ந்து, குச்சிகள் அமிழ்ந்து, மேல்நீர் இளமஞ்சளாய்த் தெளியத் தொடங்கிற்று. மறுநாள், இருபத்து மூன்றாம் நாள், வெள்ளைத் துணியில் வடிகட்டினோம். தெளிந்து இறங்கிய அதைக் கண்டபோதுதான் ‘தேறல்’ என்ற சொல் முதன்முதலாக எனக்கு விளங்கிற்று என்று சொல்ல வேண்டும். மேஸில் மதுவின் அளவு பெரும்பாலும் நூற்றுக்கு 7 முதல் 11 பங்குவரை இருக்கும் என்பர். பீரைவிட மிகுதி, சாராயத்தைவிட வெகு குறைவு. ஆனால் இனிப்பு அதனை மறைத்துவிடும். அளவறியாது குடித்தவன் எழ முயலும்போதுதான் அறிவான்.

நிற்க. தேன்மதுவை இவ்வளவு போற்றும் அம்மக்கள் திருப்பலிக்கு அதனைப் பயன்படுத்துவதுண்டோ என்று வாசகர் சிலர் வினவக்கூடும். இல்லை. திருச்சபைச் சட்டப்படி பலிபீடத்துக்குரியது கொடிமுந்திரிப் பழத்தின் இரசமே. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையினர் உலர்ந்த முந்திரியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து பயன்படுத்துகின்றனர். ஆல்வாரெஸ் அடிகளாரும் இதனைக் கண்டு எழுதியுள்ளார். தேன்மது வீட்டுக்கும் விருந்துக்கும் உரியது. கானாவூரில் தீர்ந்துபோனது மேஸாக இருந்திருந்தால் மாதா இன்னும் விரைவாகச் சொல்லியிருப்பார் என்பது அதெயின் கருத்து.

திருமண நாளன்று எனக்கு ஒரு சோதனை காத்திருந்தது. மேஸ் ஊற்றியவரே விருந்தினர்க்கு முதலில் வழங்க வேண்டும். வழங்குமுன் தம் உள்ளங்கையில் சிறிது வார்த்துப் பருகிக் காட்ட வேண்டும். நஞ்சு கலக்கவில்லை என்று மெய்ப்பிக்க அரண்மனைகளில் தோன்றிய வழக்கம் அது. முதியவர்கள் வரிசையாக அமர்ந்திருக்க, நீண்ட கழுத்தும் உருண்ட வயிறுமுள்ள ‘பிரிலே’ என்னும் கண்ணாடிக் குடுவைகளோடு நான் நின்றேன். அனைவரும் என் கையையே நோக்கினர். அதெய் எழுந்து வந்தார். என் கையைப் பற்றி, என் உள்ளங்கையிலேயே சில துளி வார்த்து, தாம் குனிந்து அதனைப் பருகினார். பின் கூட்டத்தை நோக்கி ஏதோ சொன்னார். பெண்கள் குலவையிட்டனர். என்ன சொன்னார் என்று இளையவளிடம் பிற்பாடு கேட்டேன். “இவள் தந்தை தேனீக்காரர், இவள் கைபட்டது கெடாது” என்றாராம்.

அன்றும் சிலர் மிகுதியாகக் குடித்தனர் என்பதை மறைக்க விரும்பவில்லை. மணமகனின் உறவினர் ஒருவரை இருவர் தாங்கிச் சென்றனர். அவர் மனைவி பின்னால் நடந்து போனார். அந்த நடை எனக்குத் தெரியும். என் அன்னையார் பல மாலைகளில் நடந்தது அவ்வாறே. தாழி நிறையத் தேனும் பொறுமையும் ஊற்றிச் செய்தாலும், அந்த அம்மையாரின் நடையை என்னால் அவ்விருந்திலிருந்து நீக்க முடியவில்லை. இன்றும் மேஸ் என்றால் இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன: அதெய் குனிந்த தலை ஒன்று; தெருவில் தலைகுனிந்து போன அப்பெண் மற்றொன்று.

அந்த வாரமே ஊருக்குத் தொலைபேசியில் பேசியபோது என் அன்னையாரிடம் எல்லாவற்றையும் கூறினேன். ஒளிக்க மனம் ஒப்பவில்லை. மறுமுனையில் நெடுநேரம் ஓசையில்லை. இணைப்பு அறுந்ததோ என்று எண்ணினேன். பிறகு, “மக்ளே, அந்தத் தேன் எப்படி இருந்துது? நம்ம தேன் போலவா?” என்று கேட்டார். நம் தேன்தான் நல்லது என்றேன். அது மணல் மணலாய் உறைவதையும், வெண்மை நிறத்தையும், உருளைக் கூடுகளையும் பற்றி அரைமணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். குடியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

ஊர் திரும்பியபின் மேஸ் செய்து பார்த்தாயா என்று என்னைக் கேட்டவர் உண்டு. இல்லை. நம் மாநிலத்தில் உரிமம் இன்றி எவ்வகை மதுவையும் வீட்டில் வடிப்பது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கென்று திராட்சை ஊறவைக்கும் இல்லத்தார்க்கும் இதனை நினைவூட்டலாம். சட்டம் ஒருபுறம் இருக்க, நம் வீட்டுக்கு அது வேண்டாம் என்பதே என் எண்ணம். பிர்ஸ் மட்டும் செய்கிறேன். ஒரு பங்கு தேன், மூன்று பங்கு காய்ச்சி ஆறிய நீர், சிறிது எலுமிச்சைச் சாறு. கலந்த அன்றே பருகிவிடுகிறோம். ஒரு வயது நிரம்பாத குழந்தைகளுக்குத் தேன் எவ்வடிவிலும் ஆகாது என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவிடுகிறேன்.

2020 நவம்பர் 4ஆம் நாள் திக்ரேயில் போர் மூண்டது. அம்மாதமே அடிக்ராட் வீழ்ந்தது. தொலைபேசியும் வங்கியும் மின்சாரமும் அறுபட்டு, அப்பகுதி பெரும்பாலும் உலகத் தொடர்பின்றிக் கிடந்தது. அதெயின் எண்ணை எத்தனை இரவுகள் சுழற்றினேனோ! ஒரே குரல் ஒரே சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்லும். 2022 நவம்பர் 2ஆம் நாள் பிரிட்டோரியா நகரில் உடன்பாடு கையெழுத்தாயிற்று. அதன்பின் சில மாதங்கள் கழித்து, 2023இல், இளைய மகளிடமிருந்து செய்தி வந்தது. அதெய் உயிரோடிருக்கிறார். தம்பி இல்லை. அவருடைய கூடுகளில் சிலவற்றை எரித்துவிட்டனர். சிலவற்றை உடைத்துத் தேனை எடுத்துக்கொண்டனர். கரிய தாழியும் உடைந்துவிட்டது. இளையவளின் திருமணம் போர்க்காலத்திலேயே, மேஸ் இல்லாமல், பன்னிரண்டு பேர் கூடிக் காப்பி அருந்தி நிறைவேறியதாம்.

பேசும்போது அதெய் தம் இழப்புகளை வரிசையாகச் சொல்லவில்லை. எடுத்தவுடன் என் அன்னையின் உடல்நலத்தைக் கேட்டார். பின்னர், அந்த 160 பெட்டிகளில் தேனீ திரும்ப வந்ததா, வர எத்தனை ஆண்டுகள் ஆயின என்று கேட்டார். எஞ்சிய நான்கு கூட்டங்கள் நோயைத் தாங்கிப் பிழைத்தன என்றேன். அவற்றைப் பிரித்துப் பிரித்து மீண்டும் தொழில் தழைக்க எங்கள் ஊரில் பத்து ஆண்டுக்குமேல் ஆயிற்று என்றும், என் தம்பி மகன் இப்போது முப்பது பெட்டிகள் வைத்திருக்கிறான் என்றும் சொன்னேன். இளையவள் மொழிபெயர்த்தாள். “பத்து ஆண்டு” என்று அதெய் தமக்குள் சொல்லிக்கொள்வது கேட்டது. அவருக்கு அப்போது வயது எழுபத்தொன்று.

கடந்த ஆண்டு ஒரு படம் அனுப்பியிருந்தார்கள். பழைய வீட்டின் மண்சுவரில், புதிதாகச் சாணம் பூசிய மூன்று உருளைக் கூடுகள். ஒன்றின் வாயிலில் சில தேனீக்கள். கீழே இளையவள் எழுதியிருந்தாள்: இம்முறை தேன் குறைவு, மேஸ் ஊற்றவில்லை, பிர்ஸ் செய்தோம், தெருவிலிருந்த எல்லாரும் குடித்தார்கள்.